ஓர்ஃபெலினாவின் கட்டிலுக்கடியில் மூன்று கிழங்கு

உலகத்தில் மழை இரண்டே பேருக்குத்தான் பயப்படும். ஒருவர் கடவுள். இன்னொருத்தி லிங்குவே குடாவின் ஓர்ஃபெலினா பர்ரியா. கடவுள் நிற்கச் சொன்னால் மழை யோசித்துப் பார்க்கும். எங்கள் சிலோயே தீவில் அது யோசித்து முடிக்கவே மூன்று மாதம் ஆகும். ஓர்ஃபெலினா வாசலில் நின்று, துணி காய வேண்டும், போதும் போ என்று ஓர் அதட்டல் போட்டால் அந்த நிமிடமே வாலைச் சுருட்டிக்கொண்டு எதிர்த்தீவுக்குப் போய்விடும். எதிர்த்தீவுக்காரர்கள் இதற்காக அவளிடம் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார்கள். அவள் சிரித்தால், கடலில் போகிற படகுகள் கரையில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பி வரும். அவள் சுட்ட கிழங்கு அடையைத் தின்பதற்காகச் செத்துப்போன பாதிரியார் ஒருவர் எழுந்து வந்தாராம். ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாராம். இதையெல்லாம் ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிகிறவன் யெர்கோ. அவளுடைய தம்பி மகன், பதினாறு வயது, படகு கிடைத்த நாளில் பள்ளிக்கூடம் போவான். நல்ல பையன். உண்மையைத் தவிர வேறெதுவும் பேசமாட்டான். இந்தக் கதையில் அவன் அதிகம் வரமாட்டான்.

ஓர்ஃபெலினாவுக்கு ஐம்பத்தொரு வயது. அம்மா போனபோது அவளுக்கு இருபது, தம்பி எலியேசருக்கு ஒன்பது. அந்தக் காலத்தில் இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். தம்பி வளரட்டும் என்றாள். தம்பி வளர்ந்தான், மீசை வைத்தான், நொல்ஃபாவைக் கட்டினான், சரிவுக்குக் கீழே தனி வீடு போட்டான், அங்கே ஒரு நல்ல பையன் பிறந்தான். பெண் கேட்டு வந்த இருவரும் அதற்குள் பேரன் எடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அவள் வாய்க்கு அதுவே பழகிப்போயிருந்தது. சந்தையில் நல்ல மீனை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்பாள், பிறகுதான் வாங்குவாள்.

வீட்டுக் கூட்டங்கள் எல்லாம் அவள் அடுக்களையில்தான். மார்ச்சில் கிழங்கு தோண்டி முடிந்தால் இலை பழுக்கத் தொடங்கும், அடுப்பைச் சுற்றி பெஞ்சுகளை நெருக்கிப் போடுவாள். பெரிய வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, துடைப்பத்தைத் தொடக்கூடாது. நொல்ஃபா வேண்டுமென்றே ரொட்டித் துணுக்கை உதிர்த்துவிட்டு நாத்தனாரின் கை துறுதுறுப்பதைப் பார்த்து ரசிப்பாள். ஈஸ்டருக்குப் பிறகு ஆப்பிள். குடாவிலுள்ள எல்லோரும் வந்து, குடைந்த மரத்தொட்டியில் ஆப்பிளைக் கொட்டி, நீளக் கம்புகளால் மாற்றி மாற்றி அடித்து நசுக்கிச் சாறு பிழிவார்கள். அன்று குடித்தால் தேன், ஜூன் வரை வைத்துக் குடித்தால் கள். ஜூன் கடைசிதான் எங்களுக்கு நல்ல குளிர். அந்தக் குளிரில், சான் ஹுவான் திருநாளன்று, முதல் பீப்பாய் திறக்கும்.

இந்த வருடம் ஆப்பிள் அடிக்கும்போதுதான் அது நடந்தது.

எதிர்த் திட்டிலிருந்து லிந்தோர் வந்திருந்தார். படகு கட்டுகிறவர், தனிக்கட்டை, பல வருடமாக ஞாயிறுதோறும் துடுப்புப் போட்டு வந்து ஓர்ஃபெலினாவின் அடுப்பருகே மாத்தே இலைத் தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் அவர் காது இரண்டும் சிவந்துவிடும். எதிராளி காதைப் பார்த்தே ஆட்டத்தைக் கீழே வைத்துவிடுவான். அன்று கம்பு அடிக்கும் தாளம் அவர் ஒருவருக்கு மட்டும் தப்பிக்கொண்டே இருந்தது. எலியேசர் இரண்டு முறை திட்டினான். மூன்றாவது முறை லிந்தோர் கம்பைக் கீழே வைத்துவிட்டு, தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற ஓர்ஃபெலினாவைப் பார்த்தார்.

"ரெண்டு வீட்டுல ரெண்டு அடுப்பு எரியறது வீண்னு எனக்குப் படுது," என்றார்.

"உங்க அடுப்பை அணைச்சுடுங்களேன். யாரு வேணாம்னா?" என்றாள் அவள், ஆப்பிளை அடித்துக்கொண்டே.

"அணைச்சுட்டு எங்க போறது?"

எல்லாக் கம்புகளும் நின்றன. லிந்தோரின் காது சமையலுக்குப் போட்ட நண்டு மாதிரி ஆகிவிட்டது. மனிதர் நிறுத்தவில்லை. தெற்கே புந்தா அரேனாஸிலிருந்து அக்கா கூப்பிடுகிறாள், அங்கே படகுப் பட்டறையில் வேலை இருக்கிறது, சான் ஹுவானுக்கு மறுநாள் கப்பல், தான் அதில் ஏறுவதா வேண்டாமா என்பதை ஓர்ஃபெலினாதான் சொல்ல வேண்டும் என்று, ஒரு வருடத்துக்கான பேச்சை ஒரே மூச்சில் பேசி முடித்தார்.

பழக்கத்தில் 'வே' என்று ஆரம்பித்தது ஓர்ஃபெலினாவின் நாக்கு. அதைக் கடித்து நிறுத்தினாள். 'சரி' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடினாள். பரண்மேல் எங்கோ போட்ட பொருள் மாதிரி கைக்கு அகப்படவில்லை. கடைசியில், எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஒன்றின் தலையில் பாரத்தை இறக்கினாள்.

"சான் ஹுவான் கிழங்கு சொல்லட்டும்."

சான் ஹுவானுக்கு முந்தின நாள் கட்டிலுக்கடியில் மூன்று உருளைக்கிழங்கு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. ஒன்று தோலோடு, ஒன்று முழுக்க உரித்த மொட்டை, ஒன்று பாதி மொட்டை. விடியும்போது பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். தோலோடு வந்தால் அந்த வருடம் நிறைவு. மொட்டை வந்தால் வறட்சி. பாதி மொட்டை வந்தால் அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. மற்றவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். ஓர்ஃபெலினா அப்படியில்லை. தோலோடு வந்தால் சரி, மொட்டை வந்தால் இல்லை, பாதி மொட்டை வந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தொட்டி முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

இதில் சிக்கல் என்னவென்றால், பதினோரு வருடமாக அவள் கைக்குப் பாதி மொட்டையைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. அது ஊருக்கே தெரியும். லிந்தோருக்கும் தெரியும். கப்பல் அடுத்த வருடம் வரை காத்திருக்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு குளிர் இறங்கியது. மே மாதம் முழுக்க ஓர்ஃபெலினா கூரை ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். பன்றி அடித்தார்கள். கொழுப்பு உருக்கி, அதில் மாவு வட்டங்களைப் பொரித்து, வழக்கப்படி அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இறைச்சிச் சட்டி அனுப்பினாள். சட்டி திரும்பி வரும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு புத்திமதியும் சேர்ந்து வந்தது. இனிமேல் எதுக்கு என்றது ஒரு சட்டி. இப்போ இல்லைன்னா எப்போ என்றது இன்னொன்று. அவள் எல்லாச் சட்டியையும் ஒரே மாதிரி கழுவிக் கவிழ்த்தாள்.

லிந்தோர் ஞாயிறுதோறும் வந்தார். கல்யாணப் பேச்சை எடுக்கவே இல்லை. நனைந்த காலுறையைக் கழற்றி அடுப்புக்கு மேலுள்ள கொடியில் போடுவார், வெறுங்காலோடு மாத்தே குடிப்பார், மழையைப் பற்றி மரியாதையாகப் பேசுவார். ஒரு ஞாயிறு காற்று அதிகம், அவர் வரவில்லை. அன்று ஓர்ஃபெலினா கொடியைப் பார்த்தாள். காலியாக இருந்தது. காலுறை இல்லாத கொடியைப் பார்த்து ஒரு மனுஷி வருத்தப்படுவாளா என்று தன்னையே திட்டிக்கொண்டு, தன் காலுறை ஒரு ஜோடியை எடுத்து அதில் போட்டாள். அது சரிப்படவில்லை. சின்னதாக இருந்தது.

சான் ஹுவானுக்கு முந்தின நாள் அந்தி சாயும்போதே அவள் மூன்று கிழங்கையும் வைத்துவிட்டாள். இருட்டிய பிறகு வைத்தால் கிழங்குக்குத் தூக்கம் கெடும் என்பது அவள் கட்சி. தன் பெட்டியில் இருந்த உருண்டை வெள்ளைக் கிழங்குகளில் ஒரே அளவாக மூன்று பொறுக்கி, ஒன்றை உரித்து, ஒன்றைப் பாதி உரித்து, கட்டிலுக்கடியில் வரிசையாக வைத்தாள். பிறகு விருந்துக்கு அடை சுட அடுக்களைக்கு வந்துவிட்டாள். பச்சைக் கிழங்கைத் துருவி, வேகவைத்த கிழங்கை மசித்து, பன்றிக் கொழுப்பு வைத்துச் சுடும் அடை. கையெல்லாம் மாவு. தலையைத் தூக்க நேரமில்லை.

அதனால் மற்றவர்கள் செய்த உபகாரங்களை அவள் சரியாகக் கவனிக்கவில்லை. எலியேசர் வந்ததும் வராததுமாக, அக்கா உன் கட்டில் கால் ஆடுது, பார்த்துட்டு வரேன் என்று படுக்கையறைக்குப் போனான். முப்பது வருடமாக ஆடாத கால். அவன் வெளியே வந்ததும் நொல்ஃபா, அண்ணி குளிரப் போகுது என்று ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு போனாள். கம்பளி வைக்க இவ்வளவு நேரம் ஆகுமா என்று கேட்க ஆளில்லை. லிந்தோர், அந்த அறை ஜன்னலில் காற்று நுழைவதாகச் சொல்லி, கம்பளி நூலை வைத்து அடைக்க அனுமதி கேட்டார். மூன்று முறை கேட்டார். போங்களேன் என்று அவள் கரண்டியை ஆட்டிய பிறகுதான் போனார். கடைசியாக யெர்கோ அத்தைக்கு வெந்நீர்ப் பை வைக்கப் போனான். அவ்வளவு நல்ல பையன்.

அன்று எல்லோரும் நிறையத் தின்றார்கள், கொஞ்சமாகப் பேசினார்கள். லிந்தோர் போகும்போது, பெட்டி கட்டி வைத்துவிட்டதாக மட்டும் சொன்னார்.

விடியும் முன்பே ஓர்ஃபெலினாவுக்கு விழிப்பு வந்துவிட்டது. கூரையில் மழை. கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். பாதி மொட்டையின் தொடுகை அவள் விரல்களுக்கு மனப்பாடம்: ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழுக்கல். இன்றைக்கும் அதுதான் வரும், நாளை கப்பல் போகும், கொடி காலியாகத் தொங்கும். கையை விடாமலே இருந்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தாள். பிறகு, தனியாக நின்று தம்பியை வளர்த்தவளுக்கு ஒரு கிழங்கிடம் என்ன பயம் என்று கையைத் தொங்கவிட்டாள்.

விரலில் முதலில் பட்டதை எடுத்தாள். கட்டை விரலால் ஒரு பக்கம் தேய்த்தாள். தோல். மறுபக்கம் தேய்த்தாள். தோல். ஆனால் கிழங்கு நீளமாக இருந்தது. முண்டும் முடிச்சுமாக, வயதான மனிதரின் விரல் மாதிரி.

அவள் வைத்தது மூன்றும் உருண்டை.

விளக்கைப் போட்டாள். கையில் இருந்தது கறுப்புக் கிழங்கு. இந்தக் கடலின் இரண்டு கரையிலும் அதைப் பயிரிடுகிறவர் ஒரே ஒருவர்தான், எதிர்த் திட்டில். ஓர்ஃபெலினா இறங்கி மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் பார்த்தாள். அங்கே இன்னும் ஐந்து கிழங்கு இருந்தன. ஒரு சிவப்பு, ஒரு ஊதா, மூன்று உருண்டை வெள்ளை. மொட்டையும் இல்லை, பாதி மொட்டையும் இல்லை. ஆறும் தோலோடு, குளிருக்குக் கோட்டுப் போட்டுக்கொண்ட மாதிரி நின்றன.

அவள் சிரித்த சிரிப்பில் சரிவுக்குக் கீழே எலியேசர் வீட்டு நாய் எழுந்து குரைத்தது. துறையிலிருந்து கிளம்பிய சிப்பிப் படகு ஒன்று திரும்பி வந்தது. இதற்குச் சாட்சி உண்டு. சிரித்து முடித்து, குளிர்ந்த தரையில் உட்கார்ந்தபடியே அந்தக் கறுப்புக் கிழங்கை மடியில் வைத்துப் பார்த்தாள். சீட்டைக்கூட மறைக்கத் தெரியாத மனிதர், ஐம்பத்தைந்து வயதில், காது சிவக்கச் சிவக்க அவள் கட்டிலுக்கடியில் குனிந்து திருட்டுத்தனம் செய்திருக்கிறார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே மோசடி. அவளுக்காக.

மதியம் எல்லோரும் வந்தார்கள். லிந்தோர் கையில் பெட்டியோடு வந்து, அதை வாசலருகே, எந்தப் பக்கமும் எடுத்துப் போக வசதியாக வைத்தார். நனைந்த கோட்டுகள் அடுப்புக்குப் பின்னால் கொக்கிகளில் ஆவி விட்டன. என்ன வந்தது என்று முதலில் கேட்டது நொல்ஃபா. சாப்பிட்டுப் பேசலாம் என்றாள் ஓர்ஃபெலினா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வரிசையாகத் தட்டு வைத்தாள், கள் ஊற்றினாள், பிறகு ஒரு சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். தோலோடு வேகவைத்த ஆறு கிழங்கு.

சிவப்பை எடுத்து எலியேசர் தட்டில் வைத்தாள். "இது உன் வேலியோரத்துப் பாத்தி. கட்டில் கால் இப்ப ஆடலையே?"

ஊதாவை நொல்ஃபாவின் தட்டில் வைத்தாள். "இது உங்கம்மா குடுத்த விதை. கம்பளி நல்லா கதகதன்னு இருந்துச்சு."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்தார்கள். "நீயுமா?" என்றான் எலியேசர். "நீ வைப்பேன்னு தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு அந்த இருட்டுல தடவிக்கிட்டு வைக்கப் போறேன்," என்றாள் நொல்ஃபா.

கறுப்புக் கிழங்கு லிந்தோரின் தட்டில் விழுந்தது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை, அவர் காதில் குளிர் காயலாம் போல இருந்தது. அவர் எழுந்தார், தொப்பியை எடுத்தார், திருப்பிப் பிடித்தார், சரியாகப் பிடித்தார்.

"பாதி மொட்டை வந்துடுமோன்னு பயந்துட்டேன்," என்றார். "நான் இப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க. நான் கிளம்பறேன்."

"உக்காருங்க. கிழங்கு ஆறிடும்."

அவர் உட்காரவில்லை. கை பெட்டியின் பிடியில் இருந்தது. ஓர்ஃபெலினா கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த துணியில் கை துடைத்தாள், துடைத்த கையையே இன்னொரு முறை துடைத்தாள்.

"நிஜமா கிழங்கு என்ன சொல்லியிருக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்கள்லாம் சேர்ந்து அதைப் பேசவே விடலை. இனி நானேதான் சொல்லணும்." மழைகூடக் கொஞ்சம் அடங்கிக் கேட்டது. "காலைல கிளம்பறப்ப உங்க அடுப்பை அணைச்சுட்டுத்தானே வந்தீங்க?"

"அணைச்சுட்டுத்தான் வந்தேன்."

"அப்ப திரும்பப் பத்த வைக்க வேணாம்."

வேணாம் என்ற சொல்லையே வைத்து அவள் சரி சொல்லிவிட்டாள் என்பது புரிய லிந்தோருக்குச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் பெட்டியை வாசலிலிருந்து எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எலியேசர் அழுதான், புகை என்றான். நொல்ஃபா இரண்டாவது பீப்பாயைத் திறக்கச் சொன்னாள். லிந்தோர் தன் கறுப்புக் கிழங்கைப் பிட்டு, பெரிய பாதியை ஓர்ஃபெலினாவின் தட்டில் வைத்து, உப்பு போட்டுக்குங்க என்றார். கல்யாணம் ஆனாலும் இந்த மனுஷன் 'நீங்க'வை விடப்போவதில்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சட்டியில் இன்னும் மூன்று வெள்ளைக் கிழங்கு இருந்தன.

"இதுல ஒண்ணு நான் வச்சது," என்றாள் ஓர்ஃபெலினா. "மத்த ரெண்டும் என் பெட்டியிலேர்ந்தே எடுத்து, அதே அளவாப் பொறுக்கி வச்சிருக்கு. விவரமான கை. என் மொட்டையும் பாதி மொட்டையும் எங்க போச்சு?"

எலியேசர் தான் இல்லை என்று தலையாட்டினான். நொல்ஃபா சத்தியம் செய்தாள். லிந்தோரின் காது இயல்பான நிறத்தில் இருந்தது, ஆகவே அவர் இல்லை. யெர்கோ கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓர்ஃபெலினா எழுந்து அடுப்புக்குப் பின்னால் போனாள். கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிலுக்கடியில் கை விடுகிற மாதிரியே, தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளில் ஒன்றின் பைக்குள் கையை விட்டாள். விரலுக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்தது. ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழுக்கல். வெளியே எடுத்தாள். பாதி மொட்டை, அடுப்புச் சூட்டில் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது.

"மொட்டையை என்னடா பண்ணின?"

"கடல்ல போட்டுட்டேன் அத்தை."

"இதை ஏன் போடலை?"

அவனிடம் எப்போதும் மூன்று பொய் தயாராக இருக்கும். அன்று பார்த்து ஒன்றும் வரவில்லை. "பதினோரு வருஷம் உன்கூடவே இருந்துச்சு," என்றான் கடைசியில். "தூக்கிப் போட மனசு வரலை."

ஓர்ஃபெலினா அவனைப் பார்த்தாள். அந்தக் கோட்டு, இதை எழுதுகிறவனுடையது. அவள் அந்தக் கிழங்கை அவன் உள்ளங்கையில் வைத்து, மூலையில் இருந்த பெரிய மூட்டையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"கல்யாணத்துக்கு ஊருக்கே அடை சுடணும். முதல்ல இதோட மீதித் தோலை உரி. அப்புறம் அந்த மூட்டையை."